கிடங்கில் கிடந்த நிழல்

1931 பிறக்கும் சமயத்தில் நியூயார்க் ஏழாவது அவென்யூவில் இருந்த ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகத்துக்கு அவசரமாக ஓர் அட்டைப்படம் வேண்டியிருந்தது. புதிதாக ஒரு துப்பறியும் இதழ் தொடங்கப்போகிறார்கள். பெயர் முடிவாகிவிட்டது: ‘தி ஷேடோ’, அதாவது நிழல். முதல் இதழுக்கான நாவலை எழுத ஆளும் கிடைத்துவிட்டார். ஆனால் இதழ் ஓடுமா, இரண்டாவது இதழோடு படுத்துவிடுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பங்குச் சந்தை சரிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நேரம். புது ஓவியத்துக்குக் காசு கொடுக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஓவியங்களில் நிழல் உள்ளதாக ஏதாவது தேறுமா என்று தேடினார்கள்.

தேறியது. மிரண்ட முகத்தோடு ஒரு சீனர், அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய நிழல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நிறுவனத்தின் வேறோர் இதழுக்காக வரைந்த படம். அந்த இதழ் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஓவியத்துக்குரிய பணமும் எப்போதோ கொடுத்தாயிற்று. இனி எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: கதையில் எங்காவது ஒரு சீனரைக் கொண்டுவந்துவிடுங்கள்.

மலிவுத் தாளில் அச்சான அமெரிக்க பல்ப் கதை இதழ்களின் ஆட்சி நடந்த அந்த அரை நூற்றாண்டில் அட்டைகள் பிறந்த விதம் பலவும் இப்படித்தான். கதையைப் படித்துவிட்டு ஓவியர் படம் வரைவார் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். நடைமுறையோ பல நேரம் தலைகீழ். படம் முன்னதாகவே தயாராக இருக்கும். கடைசி நேரத்தில் எழுத்தாளர் தன் கதைக்குள் ஒரு மாடிப்படியையோ, பச்சை உடைக்காரியையோ, கத்தியோடு நிற்கும் ஒரு கையையோ சொருகித் தர வேண்டும். அட்டை அச்சாக அதிக நாள் பிடிக்கும், செலவும் அதிகம். கதைக்கு அன்றைய அடிமட்ட விலை வார்த்தைக்கு ஒரு சென்ட். திருத்துவதென்றால் எதைத் திருத்துவார்கள்?

ஆனால் இந்தக் குறிப்பிட்ட படத்தின் கதை மற்றவற்றைவிடச் சுவையானது. அதை வரைந்தவரின் கதை அதைவிடவும்.

ஓவியர் பெயர் மாடெஸ்ட் ஸ்டைன். பிறந்தபோது வைத்த பெயர் மாடெஸ்ட் அரன்ஸ்டாம். 1871இல், அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த லித்துவேனியாவின் கோவ்னோ நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் அமெரிக்கா வந்து, உறவினரான அலெக்சாண்டர் பெர்க்மனோடும் எம்மா கோல்ட்மனோடும் ஒரே வீட்டில், ஒரே உலையில் வாழ்ந்தவர். மூவரும் அனார்க்கிஸ்டுகள், அரசு என்பதே கூடாது என்றவர்கள். அரன்ஸ்டாமுக்கு வரையும் கை இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரிடம் வேலை பார்த்தார். பிறகு நண்பர்கள் சேர்ந்து ஊஸ்டர் நகரில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டார்கள். அது ஓடவில்லை. அடுத்து ஐஸ்கிரீம் கடை வைத்தார்கள், அது நன்றாக ஓடியது.

அந்தக் கடையில் இருந்தபோதுதான் ஹோம்ஸ்டெட் செய்தி வந்தது. பிட்ஸ்பர்க் அருகே கார்னகியின் எஃகு ஆலையில் கதவடைப்பு. ஆலையை நடத்திய ஹென்றி கிளே ஃப்ரிக், பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்திலிருந்து சுமார் 300 ஆட்களைப் படகில் ஏற்றி வரவழைத்தார். 1892 ஜூலை 6 அன்று நடந்த மோதலில் இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். ஊஸ்டரில் ஐஸ்கிரீம் கடை மூடப்பட்டது. ஜூலை 23 அன்று பெர்க்மன் ஃப்ரிக்கின் அலுவலகத்துக்குள் நுழைந்து அவரைச் சுட்டார், குத்தினார். ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார். பெர்க்மனுக்கு 22 ஆண்டு சிறைத் தண்டனை.

பெர்க்மன் விட்டதை முடிக்க டைனமைட்டோடு பிட்ஸ்பர்க் ரயில் ஏறினார் அரன்ஸ்டாம். ஊர் போய்ச் சேர்ந்தபோது கூட்டாளி ஒருவன் வந்திருப்பதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. அதில் அவர் பெயரும் அடிபட்டது. கொண்டுபோனதைக் கைவிட்டுவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியையோ வெடியையோ தொடவில்லை. தொட்டதெல்லாம் தூரிகை. அரன்ஸ்டாம் ஸ்டைன் ஆனார். நாளிதழ்களுக்குக் கோட்டோவியம் வரைந்தார், பிறகு இதழ்களுக்கு வண்ண அட்டைகள் வரையத் தொடங்கினார். முத்தமிடப்போகும் காதலர்களையும் தொப்பி போட்ட அழகிகளையும் வரைந்து நல்ல வருமானம் பார்த்தார். பழைய தோழர்களை மறக்கவில்லை. நாடு கடத்தப்பட்டு ஐரோப்பாவில் அல்லாடிய கோல்ட்மனுக்கும் பெர்க்மனுக்கும் பல ஆண்டுகள் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். பல்ப் அட்டைகள் ஈட்டித்தந்த காசில் ஒரு பங்கு அனார்க்கிஸ்டுகளின் வீட்டு அடுப்பை எரித்தது என்பதை அந்தப் பதிப்பகத்தார் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ!

பிங்கர்டன் ஆட்களின் மேல் பொங்கிய ஆத்திரத்தில் கொலைக்குக் கிளம்பிய ஒருவர், வயதான காலத்தில் துப்பறியும் இதழ்களுக்கு அட்டை வரைந்து வாழ்ந்ததை முரண் என்று எளிதில் சொல்லிவிடலாம். எனக்கு அது அவ்வளவு பெரிய முரணாகப் படவில்லை. பயம் எந்த முகத்தில் எப்படி உட்காரும் என்று அறிந்த ஓவியருக்குத்தான் அந்தச் சந்தையில் மதிப்பு. முன்பின் தெரியாத நகரில், தன் பெயரையே செய்தித்தாளில் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் படம் முதலில் அச்சேறியது ‘தி த்ரில் புக்’ என்ற இதழில். 1919 மார்ச்சில் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தொடங்கிய மாதமிருமுறை இதழ் அது. அமானுஷ்யம், சாகசம், மர்மம் என்று எந்தப் பெட்டியிலும் அடங்காத கதைகளுக்கான இடம். எந்தப் பெட்டியிலும் அடங்காததாலேயே வாசகரும் அமையவில்லை. பதினாறு இதழ்கள் வந்து அதே ஆண்டு அக்டோபரோடு முடிந்தது. ஸ்டைனின் படம் வந்தது அக்டோபர் 1 இதழில், கடைசிக்கு முந்தையதில். அந்த இலையுதிர் பருவத்தில்தான் முதல் உலகப்போர்க்கால ஆள்சேர்ப்பை எதிர்த்ததற்காகச் சிறையிலிருந்த பெர்க்மனும் கோல்ட்மனும் வெளியே வந்தார்கள். டிசம்பர் 21 அன்று இருவரையும் இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேரோடு புஃபோர்ட் என்ற கப்பலில் ஏற்றி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டது அமெரிக்க அரசு. மூவரில் ஸ்டைன் மட்டும் நியூயார்க்கில் மிஞ்சினார்.

இனி, ஓவியம் எப்படி அட்டையாகிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். வரைந்தவர்களுக்கு அடுத்தபடியாக இதில் உழைத்தவர்கள் பிளாக் செய்தவர்கள். அவர்கள் பெயரை எந்த இதழும் போட்டதில்லை.

பல்ப் ஓவியர் முதலில் சிறிய அளவில் ஒரு மாதிரிப் படம் போட்டுக் காட்டுவார். அது தேறினால் ஆட்களை நிற்கவைத்தோ போட்டோ எடுத்தோ, கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் வரைவார். இதழின் அட்டை அகலம் ஏழு அங்குலம், உயரம் பத்து அங்குலம் இருந்தால், ஓவியம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். சின்னதாக்கும்போது தூரிகைத் தடங்கள் அமுங்கிப் படம் துல்லியமாகிவிடும் என்பது ஒரு காரணம். மேற்பகுதியில் இதழின் பெயருக்கு இடம் விட வேண்டும். அதுவும் வெற்றுத் திரையாக விடக் கூடாது, கண்ணுக்கு உறுத்தாத ஒரு சுவரோ வானமோ அங்கே இருக்க வேண்டும். கதைத் தலைப்புக்கும் எழுத்தாளர் பெயருக்கும் ஓர் ஓரம். மீதியில்தான் கொலை.

பிறகு ஓவியம் பிளாக் செய்யும் கூடத்துக்குப் போகும். பெரிய காமிரா முன் அதை நிறுத்தி, ஊதா, பச்சை, சிவப்பு வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் படமெடுப்பார்கள். ஊதா வடிகட்டி வழியே எடுத்தது மஞ்சள் மைக்கான தகடாகும். பச்சை வழியே எடுத்தது சிவப்புக்கு. சிவப்பு வழியே எடுத்தது நீலத்துக்கு. கறுப்புக்குத் தனியாக ஒன்று. காமிராவுக்குள் ஒரு கண்ணாடித் திரை நெருக்கமான கோடுகளோடு நிற்கும். ஓவியத்தின் ஒளியும் நிழலும் அதன் வழியே சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகச் சிதறிச் செப்புத் தகட்டில் பதியும். அமிலத்தில் தகட்டைக் கழுவினால் புள்ளிகள் மேடாக நிற்கும், இடைவெளிகள் பள்ளமாகும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோலத்துக்கு வைத்த புள்ளி போலத்தான் இருக்கும். கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தால் முகம் தெரியும்.

தகடு வெந்தது வெந்தபடி அச்சுக்குப் போகாது. கைதேர்ந்த ஒருவர் உட்கார்ந்து, மஞ்சள் கூடிய இடத்தில் அமிலத்தைத் தடவிக் குறைத்து, நீலம் போதாத இடத்தைத் தேய்த்துக் கூட்டி, ஒரு சோதனைப் பிரதி எடுத்து, மறுபடி குறைத்து, மறுபடி எடுப்பார். ஓவியர் வைத்த மெல்லிய சாம்பல் நிறமெல்லாம் இங்கே பலியாகும். அனுபவப்பட்ட பல்ப் ஓவியர்கள் அதை முன்கூட்டியே அறிந்து, மெல்லிய நிறங்களைத் தொடாமலே விட்டார்கள். அந்த அட்டைகளில் காணும் வெறிபிடித்த சிவப்பும் மஞ்சளும் ரசனைக் குறைவால் வந்தவை என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. அந்த நிறங்கள்தாம் தகட்டையும் தாண்டி உயிரோடு வெளியே வருபவை. அவைதாம் கடை வாசலில் பத்தடி தள்ளி நடப்பவரையும் இழுப்பவை.

உள்ளே இருக்கும் தாள் மரக்கூழைக் கரகரவென்று அரைத்துச் செய்த மலிவுச் சரக்கு. இதழ்களுக்கு பல்ப் என்ற பெயரே அதனால் வந்தது. அதில் நான்கு நிறம் அச்சடித்தால் மை ஊறிப் பரவிவிடும். ஆகவே அட்டைக்கு மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பர். செலவை ஈடுகட்டப் பெரிய தாளில் ஒரே நேரத்தில் பல இதழ்களின் அட்டைகளைச் சேர்த்து அச்சடிப்பார்கள். இதைப்பற்றி ஹாரி பேட்ஸ் என்ற ஆசிரியர் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. வில்லியம் கிளேட்டன் என்ற பதிப்பாளரிடம் பதின்மூன்று இதழ்கள் இருந்தன. அட்டைத் தாளிலோ பதினாறு அட்டைக்கு இடம். மூன்று இடம் மாதாமாதம் வெறுமையாகப் போகிறதே என்ற கவலையில் பிறந்ததுதான் 1930 ஜனவரியில் வந்த ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ என்கிறார் பேட்ஸ். அமெரிக்க அறிவியல் புனைகதையின் தலைமை இதழாக வளர்ந்து, பெயர் மாறி இன்றும் வரும் ஒன்றின் பிறப்பு ரகசியம் தாளில் மிஞ்சிய ஓரம்! கதைக்காக அட்டை என்பதைவிட அட்டைக்காகக் கதை என்பது அந்தத் தொழிலில் வேடிக்கைப் பேச்சில்லை.

செப்புத் தகடு தேய்ந்தால் பழைய உலோகம். ஓவியம் அப்படியல்ல. ஒரு தடவை பணம் கொடுத்தால் உரிமையும் கித்தானும் பதிப்பகத்துக்கே சொந்தம். ஓவியர் திருப்பிக் கேட்பதில்லை. அப்படித்தான் நின்றுபோன இதழின் படம், ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் கைவசம் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தது.

அதைத் தட்டி எழுப்பியது வானொலி. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்தின் முக்கியமான சரக்குகளில் ஒன்று 1915இல் தொடங்கிய ‘டிடெக்டிவ் ஸ்டோரி மேகசின்’. முழுக்க முழுக்கத் துப்பறியும் கதைகளுக்கென்றே வந்த முதல் பல்ப் இதழ். அதன் விற்பனையைத் தூக்கிவிட 1930 ஜூலை 31 முதல் சி.பி.எஸ். வானொலியில் வாராவாரம் அந்த இதழின் கதைகளை நாடகமாக ஒலிபரப்பினார்கள். கதையை அறிமுகப்படுத்தும் குரலுக்கு விளம்பர நிறுவனத்தார் ஓர் உருவம் கொடுத்தார்கள், உருவமில்லாத உருவம். பெயர் ஷேடோ. அடித்தொண்டையில் ஒரு சிரிப்பு. ஜேம்ஸ் லா கர்ட்டோ தொடங்கினார், சில வாரங்களில் ஃபிராங்க் ரீடிக் வந்தார். ரீடிக்கின் சிரிப்பு ஊரையே பிடித்துக்கொண்டது. மக்கள் கடைக்குப் போய் ‘டிடெக்டிவ் ஸ்டோரி’ கேட்கவில்லை. அந்த நிழல்காரன் இதழைக் கொடு என்றார்கள். அப்படி ஓர் இதழ் இல்லவே இல்லை.

விளம்பரம் சரக்கை விழுங்கிவிட்டது. பதிப்பகத்தின் நிர்வாகி ஹென்றி ரால்ஸ்டனுக்கு வியாபார மூக்கு. இல்லாத இதழைக் கேட்கிறார்களா, கொடுத்துவிடுவோம். வேறு யாராவது அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வதற்குள் காலாண்டு இதழாகவாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். எழுதுவதற்கு டிடெக்டிவ் ஸ்டோரியின் ஆசிரியர் ஃபிராங்க் பிளாக்வெல் பிடித்த ஆள் வால்டர் கிப்சன். பிலடெல்பியாவைச் சேர்ந்த பத்திரிகைக்காரர், அதோடு மேஜிக் தெரிந்தவர். ஹூடினி, தர்ஸ்டன், பிளாக்ஸ்டோன் போன்ற பெரும் வித்தைக்காரர்களுக்காக எழுதிக்கொடுத்தவர். ‘தி ஷேடோ’வுக்காக அவருக்கு வைத்த புனைபெயர் மேக்ஸ்வெல் கிராண்ட். மேஜிக் சாமான் விற்கும் இரண்டு பேரின் பெயரை ஒட்டுப்போட்டுச் செய்த பெயர் அது.

கிப்சன் எழுதிக்கொண்டிருந்த நாவலின் பெயர் ‘தி லிவிங் ஷேடோ’. பாலத்திலிருந்து குதித்துச் சாகப்போகும் ஹாரி வின்சென்ட் என்ற இளைஞனை ஓர் உருவம் பின்னாலிருந்து இழுத்துக் காப்பாற்றித் தன் ஆளாக்கிக்கொள்வதில் கதை தொடங்குகிறது. நல்ல தொடக்கம். அதில் சீனர் யாரும் இல்லை. அட்டைப்படம் முடிவான செய்தி கிப்சனுக்குச் சொல்லப்பட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. மேஜிக்காரருக்கு, மேடையில் கையில் கிடைத்ததை வைத்து வித்தை காட்டுவது பழக்கம். நியூயார்க்கின் சைனா டவுனில் தேயிலைக் கடை நடத்தும் வாங் ஃபூ என்ற பாத்திரத்தை உண்டாக்கினார். வெளியே தேயிலை, உள்ளே திருட்டு நகை. நாவலின் போக்கே அந்தக் கடைக்குள் திரும்பியது.

இங்கேதான் எனக்கு உறுத்தல். ஸ்டைன் வரைந்த மனிதர் பயந்து நிற்கிறார். படத்தை மட்டும் பார்த்தால் அவர் குற்றவாளி என்று சொல்ல ஒன்றுமில்லை. எதையோ கண்டு நடுங்கும் ஒருவர், அவ்வளவுதான். அவர் முகத்துக்குக் காரணம் தேடிய கதை அவரைத் திருட்டுப் பொருள் வாங்குபவராக்கியது. கிப்சனைத் தனியாகக் குற்றம் சொல்லியும் பயனில்லை. சீனர் என்றால் குற்றவாளி என்பது அன்று எழுத்தாளருக்குக் கையில் தயாராக இருந்த பதில். ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லனின் நாவல்கள் 1913இலிருந்தே வந்துகொண்டிருந்தன. 1929இல் ஹாலிவுட் திரையிலும் ஃபூ மாஞ்சு வந்தாயிற்று. நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். சீனத் தொழிலாளர் குடியேறக் கூடாது என்று 1882இல் போட்ட சட்டம் 1943 வரை நடப்பில் இருந்தது. ஓவியம் வாங்கும் செலவை மிச்சப்படுத்தப்போய் ஒரு வில்லன் பிறந்தான் என்றால், அந்த வில்லனுக்கான அச்சு ஊரிலேயே வார்த்து வைக்கப்பட்டிருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அட்டையில் கதாநாயகன் இல்லை. சாய்ந்த கறுப்புத் தொப்பி, பறக்கும் அங்கி, மோவாயை மூடிய சிவப்புத் துணி, கழுகு மூக்கு, எரியும் கண்கள் என்று பின்னாளில் அமெரிக்காவே அடையாளம் கண்டுகொண்ட அந்த உருவம் முதல் இதழின் அட்டையில் எங்கும் கிடையாது. இருப்பது ஒரு சீனரும் சுவரில் கறுப்பும். வானொலியில் குரலாக மட்டும் இருந்தவனுக்கு அது ஒருவகையில் பொருத்தமான அறிமுகமாகவே அமைந்துவிட்டது. திட்டமிட்டுச் செய்திருந்தால் ஒருவேளை சொதப்பியிருப்பார்கள்.

1931 ஏப்ரல் என்று தேதியிட்ட இதழ் பத்து சென்ட் விலையில் கடைகளுக்கு வந்தது. அன்றைய பத்திரிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காதல் இதழ், கௌபாய் இதழ், விமானப்போர் இதழ், துப்பறியும் இதழ் என்று ஒன்றின்மேல் ஒன்று சரிந்து அடுக்கியிருக்கும். முழு அட்டை தெரிவது முன்வரிசைக்கு மட்டும்; மற்றவற்றில் பெயர் இருக்கும் மேல் விளிம்புதான் எட்டிப்பார்க்கும். வெளிவந்த சில வாரங்களுக்குள் விற்றாக வேண்டும். விற்காததை ரிட்டன் அனுப்புவார்கள். முழு இதழையும் அனுப்பினால் ரயில் கூலி வீண் என்பதால், அட்டையை அல்லது அட்டையின் பெயர்ப் பகுதியை மட்டும் கிழித்து அனுப்பிக் கணக்கு நேர்செய்வது கடைக்காரர்களிடம் பரவலாக இருந்த வழக்கம். ஓவியர், காமிராக்காரர், அமிலத்தில் கைவைத்தவர், அச்சுக்காரர் எல்லோரும் பாடுபட்ட அந்த ஆர்ட் பேப்பர் கடைசியில் விற்காத சரக்குக்கு ரசீதாகத் திரும்பிப் போகும்.

‘தி ஷேடோ’ முதல் இதழுக்கு அந்த நிலை வரவில்லை. விற்றுத் தீர்ந்தது. காலாண்டு இதழ் அந்த ஆண்டு முடியுமுன் மாத இதழாயிற்று; 1932 அக்டோபரிலிருந்து மாதம் இருமுறை. இனிப் பழைய படத்தைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. சிகாகோவில் பிறந்த இரட்டையர் ஜெரோம் ரோசன், ஜார்ஜ் ரோசன் இருவரும் அடுத்தடுத்து வந்தார்கள். தொப்பியும் அங்கியும் சிவப்புத் துணியும் மக்கள் மனத்தில் பதிந்தது பெரும்பாலும் ஜார்ஜின் கைவண்ணம். 1949 கோடைவரை மொத்தம் 325 இதழ்கள் வந்தன. அவற்றின் முதன்மை நாவல்களில் 282 கிப்சன் எழுதியவை. 1939இல் வந்த முதல் பேட்மேன் கதையை ஒரு ஷேடோ கதையிலிருந்து எடுத்துக்கொண்டதாக அதன் எழுத்தாளர் பில் ஃபிங்கர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்; அது 1936 நவம்பரில் வந்த, தியோடர் டின்ஸ்லி எழுதிய ‘பார்ட்னர்ஸ் ஆஃப் பெரில்’ என்று பின்னர் அடையாளம் கண்டார்கள்.

சைனா டவுனும் இதழை விட்டுப் போகவில்லை. வாங் ஃபூவின் தேயிலைக் கடையை அடுத்து எத்தனையோ சந்துகள், சுரங்கப் பாதைகள், ரகசியக் கதவுகள் வந்தன. 1939இல் ஷிவான் கான் என்றொருவன் வந்தான். தன்னை ஜெங்கிஸ்கானின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் அவன்தான் அந்தத் தொடரிலேயே பேர்போன எதிரி. பழைய அட்டை கைக்கு வராமல் இருந்திருந்தாலும் கிப்சன் என்றைக்காவது அந்தத் தெருவுக்குப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் நாவலிலேயே வழி காட்டியது அந்தக் கித்தான்.

எம்மா கோல்ட்மனின் தன்வரலாறு ‘லிவிங் மை லைஃப்’ வெளிவந்ததும் அதே 1931இல். அதில் ஊஸ்டரின் ஐஸ்கிரீம் கடை வருகிறது, ஹோம்ஸ்டெட் வருகிறது, ஓவியத் தோழர் ஒருவரும் வருகிறார். அவர் பெயரை மட்டும் ஃபெத்யா என்று மாற்றியிருக்கிறார் கோல்ட்மன். ஒரே ஆண்டில் ஸ்டைன் இரண்டு இடத்தில் அச்சேறினார்: பத்து சென்ட் இதழில் பழைய ஓவியமாக, தடித்த புத்தகத்தில் வேறு பெயருள்ள ஆளாக. ஷேடோவின் வாசகர்களில் யாராவது இரண்டையும் வாங்கியிருந்தாலும் இரண்டிலும் இருப்பவர் ஒரே மனிதர் என்று கண்டுபிடித்திருக்க வழியில்லை.

பெர்க்மன் 1936இல் நீஸ் நகரில் இறந்தார், கோல்ட்மன் 1940இல் டொரொண்டோவில். ஸ்டைன் வரைந்துகொண்டே இருந்தார். இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டில் 1943 கடைசியில் ‘தி ஷேடோ’ கையடக்க அளவுக்குச் சுருங்கியது. அந்தச் சின்ன இதழ்களின் அட்டைகள் பலவற்றை வரைந்தவர் எழுபது வயது தாண்டிய மாடெஸ்ட் ஸ்டைன். இந்தத் தடவை கதைக்காகப் படம். காசும் புதிதாகக் கொடுத்தார்கள். 1949இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் இதழ்களை ஏறக்குறைய மொத்தமாக மூடியது. ஸ்டைன் 1958இல் காலமானார். அடுத்த ஆண்டு நிறுவனமே காண்டே நாஸ்ட் கைக்குப் போனது.

பல்ப் ஓவியங்களின் மூலங்களுக்கு அந்த ஆண்டுகளில் நேர்ந்தது பெரும் சேதம். இடத்தை அடைக்கின்றன என்று பதிப்பகங்கள் அவற்றைக் கழித்துக்கட்டின; தூக்கிப்போட்டவையும் உண்டு, ஊழியர்களுக்குச் சும்மா கொடுத்தவையும் உண்டு. வரைந்த ஓவியர்களிலேயே சிலர் அவற்றைத் தங்கள் மதிப்பைக் குறைக்கும் வேலையாக நினைத்து ஒதுக்கினார்கள். மிஞ்சியவற்றைத் தேடித் திரட்டிய நியூயார்க்கர் ராபர்ட் லெஸ்ஸரின் சேகரிப்பை 2003இல் புரூக்ளின் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. கடை வாசலில் பத்து சென்ட்டுக்கு ஆள் பிடிக்க வரைந்தவற்றைப் பார்க்க மக்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அச்சான அட்டைகளுக்கு அவ்வளவு மோசம் இல்லை. உள்ளே இருக்கும் மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து, தொட்டால் பொடியாக உதிர்கிறது. ஆர்ட் பேப்பர் கொஞ்சம் தாங்கும். ஆகவே பழைய ‘தி ஷேடோ’ பிரதியை வாங்குபவர்கள் இன்று முதலில் கேட்பது அட்டை எப்படி இருக்கிறது, முதுகு பிளந்திருக்கிறதா, சிவப்பு மங்கியிருக்கிறதா என்பதைத்தான். அந்த வரிசையில் 1931 ஏப்ரல் இதழுக்கு எப்போதும் தனி விலை. விலை சொல்பவர்கள் அதை ஷேடோவின் முதல் அட்டை என்று சொல்லி விற்கிறார்கள். 1919 அக்டோபரின் ‘த்ரில் புக்’ அதைவிட அரிது, அதைத் தேடி வருபவர்கள்தான் குறைவு.